புற்றுக்காளானின் வால்

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து வழியாகத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளை அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் படிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தேவி அக்கா வேலையிலிருந்து வந்தாள்.

தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். பச்சைச் சீருடைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கையில் முழங்கை வரை செம்மண். இடது கையில் துணிப்பை, அதன் வாயை மூடிப் பாதாம் மரத்து இலைகள்.

"கலா, இன்னா கொண்டாந்திருக்கேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், கட்டிலில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அது ரம்யா. என்னோடு கல்லூரியில் படித்தவள். ரெக்கார்டு நோட்டு வாங்கிப்போக வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு என் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தது அதுதான் முதல் முறை. கட்டில், கேஸ் அடுப்பு, டிவி, சாமி படம், கொடியில் துணி எல்லாம் ஒரே அறைக்குள். அவள் கண் எங்கெங்கே போகிறது என்று பார்ப்பதே அவள் வந்ததிலிருந்து எனக்கு வேலையாக இருந்தது.

அக்கா இலைகளை விலக்கினாள். அறை முழுக்க அந்த வாசனை வந்தது. நனைந்த மண்ணும் பச்சை மாவும் கலந்த வாசனை, அடியில் கொஞ்சம் கோழிக்குழம்பு. உள்ளே வெள்ளையும் சாம்பலுமாகக் காளான்கள். ஒவ்வொன்றுக்கும் முழ நீளத்துக்கு ஒரு வால்.

ரம்யா எட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இன்று யோசித்தாலும் அவள்மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

நான் எழுந்தேன். அக்கா கையிலிருந்து பையை வாங்கினேன். குழாயடியில் இருந்த குப்பை வாளியில் கவிழ்த்தேன்.

"விஷக்காளான்க்கா. போன வாரம்தான் எங்களுக்கு கிளாஸ்ல சொன்னாங்க. கண்டதையும் பொறுக்கினு வராத."

"இன்னாடி இது, மெட்டியப் போட்டுப் பாக்காம கொட்டிட்ட?" என்றாள் அம்மா. காளானோடு வெள்ளி மெட்டியைப் போட்டு வேகவைப்பாள். மெட்டி கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் சமையல்.

"மெட்டிக்கு இன்னாம்மா தெரியும்?" என்றேன்.

ரம்யா சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். கையில் இலைகளை வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்குக் காளான் கொண்டுவரவே இல்லை.

படித்த பெண்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. எனக்குப் பெருமைதான். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா தெரு கூட்டினாள், அக்கா நான்காம் வகுப்போடு நின்றாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் நிற்காமல் இருப்பதற்காக அவள் நின்றாள் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஏழாம் வகுப்பிலேயே நான் சந்துக்கே எழுத்தர். கேஸ் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கார்ப்பரேஷன் நோட்டீஸ், எல்லாம் என்னிடம் வரும். கன்னடமா, இங்கிலீஷா, எதுவானாலும். "கலாகிட்ட காட்டு" என்பார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "சாப்பாட்டுக்குப் பின்னாடி" என்பேன். அவள் திருப்தியோடு போவாள்.

போன இரண்டு வாரங்களாக இந்தத் தொடரில் நான் எழுதும் குழாயடிச் சண்டைகளைப் படித்துவிட்டு, 'நீங்கள் யார் பக்கம்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் எந்தப் பக்கமும் இல்லை, ஐயா. எல்லாப் பக்கத்துக்கும் நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன்.

இப்படி வளர்ந்த ஒருத்தி 'விஷம்' என்று சொன்னால், அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பேச்சு இருக்காது. இது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஈர்க்குச்சிச் சட்டம்

அக்கா ஒரு பெரிய கல்லூரி வளாகத்தில் காண்ட்ராக்ட் தோட்ட வேலை செய்தாள். பழைய மரங்கள், யாரும் போகாத மூலைகள், அங்கங்கே புற்றுகள். கோடை முடிந்து இடியோடு முதல் மழை விழுந்தால், அடுத்த சில நாட்களுக்கு அங்கே வேலை செய்யும் பெண்கள் நடக்கும் நடையே மாறிவிடுமாம். எல்லாரும் தரையைப் பார்த்தே நடப்பார்களாம்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. காளான் மொட்டு மண்ணைக் கீறிக்கொண்டு வருவதை யார் முதலில் பார்க்கிறார்களோ, அவர்கள் தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிப் பக்கத்தில் நடுவார்கள். அதன்பின் அது அவர்களுடையது. மறுநாள் காலை அது விரிந்து நிற்கும்போது வேறு யார் அந்த வழியாகப் போனாலும் தொடமாட்டார்கள். குளிக்காதவர்கள், பொய் சொல்பவர்கள், சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுப்பவர்கள் என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வார்கள். ஆனால் அடுத்தவர் குச்சியைப் பிடுங்கினார்கள் என்று மட்டும் யாரைப் பற்றியும் பேச்சு வந்ததில்லை.

மொட்டை விரலால் சுட்டிக்காட்டக் கூடாது. பூசணிப் பிஞ்சைப் போல அதுவும் அழுகிவிடும் என்பார்கள். அதனால் அக்கா வீட்டில் கதை சொல்லும்போதுகூட விரலை மடக்கி, முகவாயால்தான் இடம் காட்டுவாள். "அந்தாண்ட, புளியமரத்துக்கு இந்தாண்ட" என்று முகவாயை நீட்டுவாள். ஸ்ரீராம்புரத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு காட்டினால்கூட அங்கே அழுகிவிடும் போல.

நான் சின்னவளாக இருந்தபோது அவள் கொண்டுவரும் பைக்காகக் காத்திருப்பேன். குழாயடியில் அம்மா வால்களை அறுத்துப் போடுவாள். நான் அவற்றைப் பொறுக்கி முகவாயில் வைத்துத் தாடி என்று காட்டுவேன். வழுவழுப்பாக, நுனியில் சிவப்பு மண் ஒட்டியிருக்கும். காளானுக்கு எதற்கு இவ்வளவு நீள வால் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அக்கா கை ஏன் முழங்கை வரை மண்ணாக இருக்கிறது என்றும் கேட்டதில்லை. தோட்டக்காரி கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, தட்டிய மிளகு. அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றமாட்டாள் அம்மா. காளான் தானாக விடும் தண்ணீரிலேயே வேகும். ராகிக் களியோடு சாப்பிடுவோம். அப்பா கடைசிக் கவளத்தைச் சட்டியில் போட்டுத் துடைத்துச் சாப்பிடுவார். அன்று மட்டும் சாப்பாட்டின்போது டிவி ஓடாது.

பொடி

இப்போது நான் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உணவுப் பொருள்களில் பூஞ்சை இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கடந்த சில ஆண்டுகளாக எங்கள் மேசைக்கு அதிகமாக வருவது காளான் பொடிதான். ஞாபகசக்திக்கு ஒரு காளான், தூக்கத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. காபியில் கலந்து குடிக்கும் வகைகூட உண்டு. டப்பாக்கள் அழகாக இருக்கும். மூடியைத் திறந்தால் அட்டைப்பெட்டி வாசனை வரும்.

இயற்கை மருந்து என்றால் எனக்கு வெறுப்பு என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் ஆசை. களைக்கொல்லி தெளித்து அக்காவின் விரல் இடுக்குகள் வெடித்தபோது, அவள் குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசிக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தாவரவியல் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்தப் பச்சை விழுதைப் பார்த்துத்தான். அதில் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனால் தெரிந்துகொண்டதில் சிலது கசப்பு. போன ஆண்டு அம்மா யாரோ கொடுத்த காளான் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். பத்து நாள் எனக்குத் தெரியாது. தலை சுற்றி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

"இயற்கைதானடி, இன்னா பண்ணிடப் போவுது?" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

"விஷக்காளானும் இயற்கைதாம்மா."

"அதுக்குத்தான் மெட்டி இருக்கு" என்றாள்.

மெட்டி விஷத்தைக் காட்டாது. சிலர் சேர்த்து வேகவைத்துப் பார்க்கும் பூண்டும் காட்டாது, அரிசியும் காட்டாது. ஆளைக் கொல்லும் காளானோடு போட்டாலும் வெள்ளி வெள்ளையாகவே இருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மழை விட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பூங்காப் புல்தரையில் குடைபோல் விரியும் ஒரு வெள்ளைக் காளான், பார்க்கச் சாதுவாக இருக்கும். தின்றால் இரண்டு நாள் வாந்தியும் பேதியும். வகுப்பில் எங்களுக்குச் சொன்னது அதைப் பற்றித்தான்.

மழை வந்தால்

அக்கா காளான் கொண்டுவராத முதல் மழைக்காலத்தில் நான் ஒன்றும் கவனிக்கவில்லை. தேர்வு இருந்தது. இரண்டாவது மழையில் கவனித்தேன். அவள் நனைந்து வந்தாள், கை கழுவினாள், சாப்பிட்டாள். பை காலியாகத் தொங்கியது. கேட்கலாம் என்று நினைத்தேன். எப்படிக் கேட்பது? 'கண்டதையும் பொறுக்கினு வராத' என்று சொன்னவளே நான்தானே.

மூன்றாவது மழைக்கு முன் அவளுக்குக் கல்யாணமாகி ஆனேக்கல் பக்கம் போய்விட்டாள். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலை. பண்டிகைக்கு வருவாள். பேசுவோம். சண்டை எதுவும் இல்லை. அவள் என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது குரல் கொஞ்சம் உயரும். "எங்க கலா லேப்ல இருக்கு" என்பாள். என்னிடம் பேசும்போது அந்தக் குரல் இறங்கிவிடும். உரம் எது போடலாம், குழந்தைக்கு எந்த டானிக் நல்லது என்று கேட்பாள். நான் சொல்வேன். அவள் கேட்டுக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவர்கள். அவள் என்னிடம் கேள்வி கேட்பதும் நான் பதில் சொல்வதுமாகவே எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

கடையில் பிளாஸ்டிக் உறை போட்ட மொட்டுக் காளான் வாங்கிச் சமைத்துப் பார்த்தேன். ரப்பர். ஒருமுறை கனகபுரா ரோட்டில் ஓர் அம்மா தேக்கிலையில் புற்றுக்காளான் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "ஹுத்தத அணபே, புத்துக்காளான்மா, நேத்து இடிக்கு வந்தது" என்றார். வாங்கிவந்தேன். அம்மா சமைத்தாள். ருசி அதேதான். எதுவும் குறையவில்லை. ஆனாலும் எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். யாரோ நனைந்துகொண்டு வர வேண்டும் போலிருந்தது.

மழை வந்தால் எனக்கு இன்றும் மூக்குதான் முதலில் விழிக்கிறது. வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஜன்னல் வழியாக மண்வாசனை ஏறும். அதன் பின்னாலேயே அந்த மாவு வாசனையும் வரும் என்று உடம்பு காத்திருக்கும். வராது. அடுத்த நிறுத்தத்தில் யாராவது ஏறுவார்கள், குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் காலில் விழும்.

பல் டாக்டர் சொன்னது

எங்கள் ஆய்வகத்தில் சிலர் வார விடுமுறையில் 'காளான் நடை' போவார்கள். இந்த ஆண்டு முதல் மழைக்குப் பின் நானும் போனேன். ஊருக்கு வெளியே ஒருவருடைய தோப்பு. பதினைந்து பேர். நல்ல நல்ல பூட்ஸ்கள். வழிநடத்தியவர் ஒரு பல் டாக்டர். காளான் அவருக்கு விடுமுறைக் கிறுக்கு.

ஒரு புற்றின் அருகே நான்கு காளான்கள் நின்றன. நடுவில் கூர் வைத்த தொப்பி, சாம்பல் நிறம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதை மண்ணோடு சேர்த்து அப்போதுதான் பார்க்கிறேன். இல்லை, மண்ணோடு சேர்த்து நான் அதை ஒருநாளும் பார்த்ததே இல்லை. பையிலிருந்து வெளியே வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

"மேலே பார்த்து முடிவு செய்யாதீங்க" என்றார் டாக்டர். "தொப்பி ஏமாத்தும். நிறம் ஏமாத்தும். இதை இழுக்கக் கூடாது, அறுந்துடும். பக்கத்துல மண்ணைத் தோண்டிக் கையை உள்ளே விடணும். வால் மாதிரி ஒண்ணு கீழே போகும். அது கறையான் கூட்டுல போய் முட்டுதான்னு விரலால தொட்டுப் பார்க்கணும். முட்டலைன்னா இது அது இல்லை. என்னைக் கேட்டா, வாலோட கடைசி வரைக்கும் போகாதவங்க இதைப் பறிக்கவே கூடாது."

யாரோ போட்டோ எடுத்தார்கள். யாரோ நோட்டில் எழுதினார்கள்.

நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை. சுத்தமான கை.

அக்கா கொண்டுவந்த ஒரு காளான்கூட வால் அறுந்து வந்ததில்லை. ஒன்றுகூட. பறித்த ஒவ்வொன்றுக்கும் அவள் மழையில் மண்டியிட்டுக் கூடு வரை கையை விட்டிருக்கிறாள். கறையான் கடித்த தடிப்புகள் அவள் மணிக்கட்டில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொசு என்று நினைத்தேன். மெட்டி அம்மாவின் சோதனை. அக்கா அதை ஒருநாளும் நம்பியிருக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவே இல்லை.

அன்று குப்பை வாளியில் நான் கவிழ்த்தபோது அத்தனை வால்களும் என் கண்முன்னால்தான் கிடந்தன.

ஆனேக்கல்

அடுத்த வாரம் இடியோடு மழை பெய்தது. மறுநாள் காலை ஆனேக்கல் பஸ் ஏறினேன்.

அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, போன் கூட பண்ணாம? அம்மாக்கு சக்கரை ஏறிடுச்சா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளா நீ?"

"காளான் பொறுக்கப் போலாம்னு வந்தேன்."

அவள் கையில் இருந்த சட்டை வாளியில் நழுவியது. "ஏன், உங்க லேப்ல பொடி தீர்ந்துபோச்சா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

டீ போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அம்மாவைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டேன். "அப்புறம் ஏன்க்கா நீ கொண்டாரவே இல்ல? எம்மேல கோவமா?"

"கோவம் ஒரு வாரம் இருந்துச்சு" என்றாள். டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "அப்புறம் போயிடுச்சு. அடுத்த வாரமே புளியமரத்தாண்ட மொட்டு வந்துச்சு. நாந்தான் பாத்தேன். குச்சி நட்டேன். காலையில போயி கைய விட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா பறிக்க வரல கலா. படிச்ச பொண்ணு விஷம்னு சொல்லிச்சே, இத்தினி வருஷமா உங்களுக்கெல்லாம் இன்னாத்த கொண்டாந்து போட்டேனோன்னு கைய வெளிய எடுத்துட்டேன். குச்சியப் புடுங்கிட்டு கூட வேலை செய்ற லட்சுமம்மாகிட்ட நீயே எடுத்துக்கோன்னுட்டேன்."

"அவங்க சாப்பிட்டாங்களா?"

"வீடே தின்னுச்சு. ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் அன்னிக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல. அப்புறம் நான் தரையப் பாத்தே நடக்கிறதில்ல."

பஸ்ஸில் வரும்போது மனத்தில் எழுதிக்கொண்டுவந்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை.

"அன்னிக்கு நீ கொண்டாந்தது விஷம் இல்லக்கா."

"எப்படிச் சொல்ற?"

"நான் பாக்கவே இல்ல. பையில இன்னா இருக்குன்னு சரியா பாக்காமத்தான் கொட்டினேன். ரம்யா இருந்தா. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ ஸ்கூட்டர் ஸ்டார்ட் செய்தார்கள்.

"காளானப் பாத்தா வெக்கம், என்னப் பாத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டும்" என்றேன்.

அவள் எழுந்து போய் வாளியில் கிடந்த சட்டையைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் பிழிந்தாள். அடுத்து அவள் எடுத்த போர்வையின் மறுமுனையை நான் போய்ப் பிடித்தேன். அவள் விடவில்லை, கொடுக்கவும் இல்லை. இரண்டு பேருமாக அதைப் பிழிந்தோம். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் விழுந்தது.

கடைசித் துணியையும் போட்ட பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை எடுத்தாள். "செருப்ப மாத்திக்கோ. இது வழுக்கும்" என்றாள்.

புற்றருகே

குடியிருப்புக்குப் பின்னால் வீடு கட்டாத மனைகள், அதைத் தாண்டி நீலகிரித் தோப்பு. அக்கா முன்னால் நடந்தாள். முதலில் நிமிர்ந்துதான் நடந்தாள். பத்துப் பதினைந்து மரங்கள் தாண்டியதும் அவள் தலை குனிந்தது. நடை மெதுவானது. அவளுக்கே தெரியாமல் நடந்தது அது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஒரு சின்னப் புற்று. அதன் சரிவில் விரிந்தது ஒன்று, மொட்டு மூன்று. சாம்பல் தொப்பி, நடுவில் கூர். யாருடைய குச்சியும் இல்லை.

அக்கா சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டாள். கீழே கிடந்த ஒரு சுள்ளியால் பக்கத்து மண்ணைக் கிளறினாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள். பிறகு நிறுத்தினாள். தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டிவிட்டுச் சந்துப் பெண்கள் என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"நீ சொல்லு" என்றாள்.

எனக்கு அதன் லத்தீன் பெயர் தெரியும். அதன் வித்துத்தூள் வெள்ளைத் தாளில் இளஞ்சிவப்பாக விழும் என்று தெரியும். கறையான் அதை எப்படி வளர்க்கிறது என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மண்ணுக்கு அடியில் அந்த வால் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கூடிய கை அங்கே ஒன்றுதான் இருந்தது. 'நல்லதுதான், பறி' என்று சொல்லியிருந்தால் அவள் பறித்திருப்பாள். இன்னொரு முறை என்னை நம்பியிருப்பாள்.

"எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

அந்தச் சொல்லை வீட்டு ஆள் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை என்று, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்தடி படிச்ச அத்தினி வருஷம்?"

எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவள் என்னைத் திட்டினாள். குரல் இறங்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, தூறல் போட ஆரம்பித்திருந்தது.

அவள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். ஒருக்களித்துப் படுத்தாற்போல் சாய்ந்து கையை மண்ணுக்குள் விட்டாள். மணிக்கட்டு போனது. பிறகு முன்கை. கன்னம் புற்றில் உரசியது. கண்ணை மூடிக்கொண்டாள். எதையோ தடவித் தடவிப் போவது போல் தோள் மெல்ல அசைந்தது. ஒருமுறை "ஸ்ஸ்" என்றாள். கறையான் கடித்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

முழங்கை வரை உள்ளே போனதும் அசைவு நின்றது.

"இருக்கு" என்றாள்.

பிறகு கண்ணைத் திறந்து, மற்றொரு கையால் காளானின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, வால் அறுந்துவிடாமல் மேலே எடுக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.